நீர் பிரியாவிட்டால் உயிர் பிரியும்
ஆடு மாடுகளுக்குச் சிறுநீரகம் கெடுவது எதனால்? தடுப்பது எப்படி?



குழுக் கடனில் வாங்கிய ஆடு செத்துப்போனாலும் தவணை சாகாது. இது நம்ம எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. அதனாலதான் கோமாரிக்கும் ஆட்டுக்கொல்லி நோய்க்கும் ஊசி போடுகிற முகாம் என்றால் வேலையை விட்டுவிட்டு ஓட்டிக்கொண்டு போகிறோம். ஆனால் ஊசி போட்டுத் தடுக்க முடியாத சாவு ஒன்று இருக்கிறது. நேற்று வரைக்கும் தவிடு தின்று கொழுத்து நின்ற கிடா, இன்று முக்கிக்கொண்டு நிற்கும். “சாணி போகலை போல இருக்குக்கா” என்று எண்ணெயை ஊற்றுவோம். இரண்டே நாளில் ஆடு போய்விடும். போனது சாணி அடைத்து இல்லை, மூத்திரம் அடைத்து.

இந்த மாதப் பாடம் சிறுநீரகம் பற்றியது. அது எப்படி வேலை செய்கிறது, எதனால் கெடுகிறது, நம்ம கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

குண்டிக்காய் என்ன வேலை செய்கிறது?

ஆட்டுக்கறி எடுக்கிற வீட்டில் குண்டிக்காயைத் தெரியாதவர் இல்லை. முதுகெலும்புக்குக் கீழே, கொழுப்புக்குள்ளே, அவரைக்கொட்டை வடிவத்தில் வழவழவென்று இரண்டு இருக்கும். மாட்டுக்கு அப்படி இல்லை. திராட்சைக்கொத்து மாதிரி பல துண்டாகப் பிரிந்து இருக்கும். வடிவம்தான் வேறு, வேலை ஒன்றுதான்.

இதயம் தள்ளுகிற ரத்தத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இந்த இரண்டு சின்ன உறுப்புக்கு மட்டும் போகிறது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான சல்லடைகள் இருக்கின்றன. ஒவ்வொரு சல்லடைக்கும் பின்னால் ஒரு மெல்லிய குழாய். சல்லடை ரத்தத்திலிருந்து நீரையும் கழிவையும் வடிக்கும். குழாய் அந்த நீரில் பெரும்பங்கைத் திரும்ப ரத்தத்துக்கே எடுத்துக் கொடுத்துவிட்டு, கழிவை மட்டும் கொஞ்சம் நீரோடு கீழே அனுப்பும். அதுதான் மூத்திரம். உடம்பில் உப்பு கூடாமல் குறையாமல் பார்ப்பதும், புளிப்பு ஏறாமல் காப்பதும், புது ரத்தம் ஊறச் சொல்லித் தூண்டுவதும்கூட இதன் வேலைதான்.

இங்கே நாம் மறக்கக் கூடாத விஷயம் ஒன்று. சிறுநீரகம் ரொம்பப் பொறுமைசாலி. இரண்டில் ஒன்று கெட்டாலும் மற்றது தாங்கிக்கொள்ளும். மொத்தத்தில் நான்கில் மூன்று பங்கு வேலை நின்ற பிறகுதான் கழிவு ரத்தத்தில் ஏறி, தீனி எடுக்காமல், இளைத்து, வாயில் நாற்றம் அடித்து நமக்குத் தெரியவரும். அழிந்த சல்லடை மறுபடி முளைக்காது. அதனால் நோய் தெரிந்த பிறகு வைத்தியம் பார்ப்பதைவிட, தெரியாத நாளிலேயே காப்பதுதான் நமக்குக் கட்டும்.

மடை, வயல், வடிகால்

சிறுநீரகம் கெடுகிற வழி மூன்று. வயலை வைத்துப் பார்த்தால் சுலபமாகப் புரியும். மடையில் தண்ணீர் வராவிட்டால் பயிர் காயும். வயலிலேயே உவர் ஏறினாலும் பூச்சி விழுந்தாலும் பயிர் போகும். வடிகால் அடைத்தால் தண்ணீர் தேங்கிப் பயிர் அழுகும். சிறுநீரகமும் அப்படியே. ரத்தம் போதாமல் கெடலாம், கிருமியாலும் விஷத்தாலும் கெடலாம், மூத்திரம் வெளியேற முடியாமல் கெடலாம்.

1. மடை வறண்டால்

உடம்பில் நீர் குறைந்தால் ரத்தம் சுண்டிப்போகும். அப்போது உடம்பு மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தைக் காப்பாற்றிக்கொண்டு சிறுநீரகத்துக்குப் போவதைக் குறைத்துவிடும். கொஞ்ச நேரம் என்றால் தாங்கும். நாள் கணக்கில் நீடித்தால் உள்ளே இருக்கிற குழாய்கள் செத்துப்போகும்.

இது எப்போது நடக்கிறது? குட்டிக்கும் கன்றுக்கும் கழிச்சல் கண்டால் நடக்கிறது. கோடையில் தண்ணீர் காட்டாமல் வெயிலில் கட்டினால் நடக்கிறது. கன்று போட்ட பிறகு ரத்தம் அதிகம் போனாலும் நடக்கிறது. நாம் ஆசையாகச் செய்கிற ஒரு காரியமும் இதில் சேர்த்தி. பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் மிஞ்சின சோற்றை மாட்டுக்கு அண்டா அண்டாவாக வைக்கிறோம். சோறும் அரிசியும் வயிற்றுக்குள் வேகமாகப் புளித்து அமிலமாகிறது. அந்தப் புளிப்பு ரத்தத்தில் இருக்கிற நீரை வயிற்றுக்குள் இழுக்கிறது. மாடு வயிறு கனத்துத் தள்ளாடி நிற்கும். ரத்தம் கெட்டியாகும், மூத்திரம் குறையும். மாட்டுப் பொங்கலுக்கு ஒரு கைப்பிடி ஊட்டினால் போதும். மிச்சத்தை வேறு வழியில் செலவழியுங்கள்.

தண்ணீர்க் கணக்கையும் பார்த்துவிடுவோம். மாடு 1 லிட்டர் பால் கறக்க 3 முதல் 4 லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும். 8 லிட்டர் கறக்கிற மாட்டுக்குப் பாலுக்கு மட்டும் 24 முதல் 32 லிட்டர் ஆகிறது. அதன் உடம்புக்கு வேண்டியது தனி. காலையில் ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி என்று காட்டினால் எப்படிப் போதும்?

2. வயலே கெட்டால்

கிருமி: எலிக் காய்ச்சல் கிருமியை எடுத்துக்கொள்வோம். எலியின் மூத்திரம் தண்ணீரிலும் தீவனத்திலும் கலக்கிறது. கிருமி மாட்டின் வாய் வழியாகவோ தோல் கீறல் வழியாகவோ நுழைந்து, ரத்தத்தில் சுற்றி, கடைசியில் சிறுநீரகக் குழாய்க்குள் குடியேறுகிறது. மாடு தேறின மாதிரி தெரிந்தாலும் மாதக்கணக்கில் மூத்திரத்தில் கிருமி வந்துகொண்டே இருக்கும். சினை மாடு கன்று வீசலாம். திடீரென்று பால் வற்றி, கறக்கிற பால் மஞ்சளாகவோ ரத்தம் கலந்தோ வரலாம். கன்றுக்குக் காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் செந்நிற மூத்திரமும் வரும்.

சகோதரிகளே, இதே கிருமி நமக்கும் வரும். தொழுவம் கூட்டுவதும் வீசின கன்றை எடுத்துப் போடுவதும் நஞ்சுக்கொடி இழுப்பதும் பெரும்பாலும் நாம்தானே? கையில் காலில் புண் இருந்தால் கட்டுப் போட்டு, உறையோ பாலித்தீன் பையோ மாட்டிக்கொண்டு செய்யுங்கள். காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனால் “வீட்டில் மாடு இருக்கு, கன்று வீசினது” என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை அவருக்கு வழி காட்டும்.

செந்நிற மூத்திரம்: உண்ணிக் காய்ச்சலில் கிருமி ரத்த அணுக்களை உடைக்கிறது. உடைந்த சிவப்பு, சிறுநீரகத்தில் வடிந்து காப்பி நிறத்தில் வரும். அந்தச் சிவப்பே குழாய்களையும் கெடுக்கும். மூத்திரம் சிவந்தால் “சூடு பிடிச்சிருக்கு” என்று மோர் ஊற்றிக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். உண்ணியை ஒழிப்பது சிறுநீரகத்தையும் காப்பதுதான்.

செடி: மழை விட்டதும் தழைக்கிற முள்ளுக்கீரை, சாரணை போன்றவற்றில் ஆக்சலேட் என்கிற புளிப்புப் பொருள் அதிகம். ஆடு மாட்டின் வயிற்றில் இருக்கிற நல்ல கிருமிகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகினால் இதைச் செரித்துவிடும். ஆனால் பட்டினி கிடந்த மாடு ஒரே நாளில் வயிறு முட்ட மேய்ந்தால் செரிக்க முடியாது. அது ரத்தத்தில் உள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு, ஊசி மாதிரி படிகமாகிச் சிறுநீரகக் குழாயில் குத்தி அடைக்கும். அதனால் முதலில் கொஞ்சம் வைக்கோல் போட்டுவிட்டுப் பிறகு மேய விடுங்கள்.

மருந்து: வலி ஊசியும் சில கிருமிக்கொல்லி ஊசிகளும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகின்றன. கழிச்சலில் வற்றிப்போன கன்றுக்கு அளவு தெரியாமல் இந்த ஊசியைப் போட்டால் மடையும் வறண்டு வயலும் கருகும். படிக்காமல் ஊசி போடுகிறவரிடம் போகாதீர்கள் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனாலதான். செம்மறி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மாட்டுக்கான தாது உப்பையும் மயில்துத்தம் கலந்த மருந்தையும் செம்மறிக்குக் கொடுக்கக் கூடாது. செம்மறிக்குச் செம்புச் சத்து சீக்கிரம் விஷமாகும். ரத்தம் உடைந்து குண்டிக்காய் கறுத்துப்போகும்.

மாட்டுக்குப் போட்ட ஊசி மாட்டோடு நிற்பதும் இல்லை. நம்ம ஊர்களில் செத்த மாட்டைத் தின்று சுத்தம் செய்த பிணந்தின்னிக் கழுகுகள் எங்கே போயின? டைக்ளோஃபினாக் என்ற வலி ஊசி போட்ட மாட்டைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்தன என்பது 2004-இல் வெளிவந்த ஆய்வில் தெரிந்தது. 2006-இல் இந்த மருந்தைக் கால்நடைக்குப் பயன்படுத்த இந்திய அரசு தடை போட்டது. 2023-இல் கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபினாக் இரண்டுக்கும் தடை வந்தது. கழுகுக்குத் தீங்கு இல்லாத மெலாக்சிகாம் என்ற மருந்து இருக்கிறது. வலி ஊசி போடும்போது “டாக்டர், இது என்ன மருந்து?” என்று கேட்பது நம்ம உரிமை.

கோழி: முட்டைக் கோழித் தீவனத்தில் ஓடு கட்டுவதற்காகச் சுண்ணாம்புச் சத்து அதிகம் சேர்த்திருப்பார்கள். அதை வளருகிற குஞ்சுக்குப் போட்டால் சிறுநீரகம் கெட்டு, செத்த குஞ்சை அறுத்தால் உள்ளே சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கும். குஞ்சுக்குக் குஞ்சுத் தீவனம்தான் போட வேண்டும்.

3. வடிகால் அடைத்தால்

இனி நாம் முதலில் சொன்ன கிடாவுக்கு வருவோம். நம்ம உறுப்பினர்கள் அதிகம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

பெட்டை ஆட்டுக்கு மூத்திரக் குழாய் குட்டையாகவும் அகலமாகவும் இருக்கும். சின்னக் கல் வந்தாலும் வெளியே போய்விடும். கிடாவுக்கு அந்தக் குழாய் நீளம், குறுகல். நடுவில் பாம்பு மாதிரி ஒரு வளைவு. நுனியில் புழு மாதிரி மெல்லிய வால் ஒன்று. கல் வந்தால் ஒன்று வளைவில் மாட்டும், இல்லை நுனியில் மாட்டும். ரொம்பச் சின்ன வயதில் காயடித்த குட்டிக்குக் குழாய் அகலமாக வளரவே வளராது. ஏனென்றால் அதை வளர்க்கிற சுரப்பு விதையிலிருந்துதான் வருகிறது.

சரி, கல் எங்கிருந்து வருகிறது? நாம் கொடுக்கிற தவிட்டிலிருந்துதான்.

பக்ரீத்துக்கோ தீபாவளிக்கோ கிடாவைக் கொழுக்க வைக்க அரிசித் தவிடு, கோதுமைத் தவிடு, மக்காச்சோளம் என்று போடுகிறோம். இவற்றில் மணிச்சத்து அதிகம், சுண்ணாம்புச் சத்து ரொம்பக் குறைவு. தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து 2 பங்கு, மணிச்சத்து 1 பங்கு இருந்தால் நல்லது. தவிட்டில் அது தலைகீழ். ஆடு தழையை மென்று அசைபோடும்போது நிறைய எச்சில் ஊறும். மிஞ்சின மணிச்சத்து அந்த எச்சில் வழியாக வயிற்றுக்குப் போய் புழுக்கையோடு வெளியேறிவிடும். தவிட்டை மென்று அசைபோடுகிற வேலை இல்லை. எச்சில் குறைகிறது. வெளியேற வழி தெரியாத மணிச்சத்து மூத்திரத்துக்குப் போகிறது. ஆடு தண்ணீரும் குறைவாகக் குடித்தால் மூத்திரம் கெட்டியாகும். பாத்திரத்தில் உப்புத் தண்ணீர் சுண்டினால் அடியில் படிகிற மாதிரி, மூத்திரப் பையில் மணல் படியும். அந்த மணல்தான் குழாயை அடைக்கிறது.

அடைத்தபின் என்ன நடக்கும்? மூத்திரப் பை பலூன் மாதிரி உப்பும். அழுத்தம் மேலே ஏறிச் சிறுநீரகத்தை நசுக்கும். கழிவு ரத்தத்துக்குத் திரும்பும். ஒன்றிரண்டு நாளில் பையோ குழாயோ வெடித்துவிடும். வெடித்ததும் வலி விட்டு ஆடு கொஞ்சம் அமைதியாக நிற்கும். “தேறிடுச்சு” என்று நாம் சந்தோஷப்படுவோம். ஆனால் மூத்திரம் வயிற்றுக்குள் பரவி வயிறு தொங்கும், உடம்பு முழுக்க விஷமேறும். அதற்கப்புறம் பிழைப்பது அரிது. கறியும் மூத்திர நாற்றம் அடிக்கும், விற்கவும் ஆகாது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

* ஆடு அடிக்கடி முக்கும், முதுகை வளைக்கும், கத்தும், பல்லைக் கடிக்கும்.
* வாலைத் துடிதுடிக்க ஆட்டும். பின்னங்காலால் வயிற்றை உதைக்கும்.
* மூத்திரம் சொட்டுச் சொட்டாக வரும், இல்லை வரவே வராது. சொட்டில் ரத்தமும் இருக்கலாம்.
* குறியைச் சுற்றி உள்ள முடியில் மணல் மாதிரி வெள்ளைத் துகள் ஒட்டியிருக்கும். அடைப்பதற்கு முன்னாலேயே தெரிகிற எச்சரிக்கை இது.
* புழுக்கை வழக்கம்போல விழுந்தும் ஆடு முக்கினால் அடைத்திருப்பது மூத்திரம்தான்.

சந்தேகம் வந்தால் ஆட்டைக் காய்ந்த தரையிலோ காய்ந்த சாக்கிலோ நிறுத்தி இரண்டு மணி நேரம் பாருங்கள். தரை நனைந்ததா என்று தெரிந்துவிடும்.

செய்ய வேண்டியது

உடனே தவிட்டையும் தானியத்தையும் நிறுத்துங்கள். கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள், அல்லது கால்நடை ஆம்புலன்சுக்கு 1962 என்ற எண்ணில் கூப்பிடுங்கள். கல் நுனியில் இருந்தால் அந்தப் புழு வால் போன்ற நுனியை டாக்டர் வெட்டிவிடுவார். சில ஆட்டுக்கு உடனே நீர் இறங்கும். ஆட்டுக்கு அதனால் கெடுதல் இல்லை. வளைவில் மாட்டியிருந்தால் அறுவை தேவைப்படும். எதுவானாலும் பை வெடிப்பதற்கு முன்னால் போக வேண்டும். காலையில் பார்த்தால் மத்தியானத்துக்குள் போங்கள். மறுநாள் சந்தை நாள் என்று தள்ளிப்போடாதீர்கள்.

செய்யக் கூடாதது

விளக்கெண்ணெய் ஊற்றாதீர்கள். வயிற்றை அமுக்காதீர்கள். “நீர் இறங்கும்” என்று வாழைத்தண்டுச் சாற்றையும் தண்ணீரையும் குடம் குடமாக வாயில் புகட்டாதீர்கள். நீர் இறங்கச் செய்கிற மாத்திரையும் வேண்டாம். வடிகால் அடைத்த வயலில் மடையைத் திறந்து விட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? வரப்பு உடையும்.

தடுப்பதற்கு ஆறு வழி

1. தவிட்டை மட்டும் தனியாகக் கொடுக்காதீர்கள். தழைதான் சாப்பாடு, தவிடு தொட்டுக்கொள்ள. வளர்ந்த ஆட்டுக்கு நாளைக்கு 3 முதல் 4 கிலோ பசுந்தழை வேண்டும். அடர்தீவனம் 200 முதல் 250 கிராம் போதும்.

2. அகத்தி, சவுண்டல், வேலிமசால் தழையில் சுண்ணாம்புச் சத்து நிறைய. தவிட்டின் குறையை இவை ஈடுகட்டும். வேலியோரம் நாலு கன்று நட்டால் காசில்லாத மருந்து. சவுண்டலை மட்டும் தனியாகப் போடாமல் மற்றத் தழையோடு கலந்து போடுங்கள்.

3. 100 கிலோ அடர்தீவனத்துக்கு 1 கிலோ உப்பு சேருங்கள். உப்பு தின்றால் தாகம் எடுக்கும், தண்ணீர் குடிக்கும், மூத்திரம் சுண்டாது.

4. தண்ணீர் நாள் முழுக்க எட்டுகிற இடத்தில், நிழலில் இருக்கட்டும். வெயில் நாளில் வளர்ந்த ஆடு 4, 5 லிட்டர்கூடக் குடிக்கும். தொட்டியை வாரம் இரண்டு தடவை கழுவுங்கள். ஆடு அழுக்குத் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

5. குட்டிக்குச் சில வாரத்திலேயே காயடிக்க வேண்டாம். மூன்று மாதம் கழித்து, எப்போது என்று டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

6. தீவனத்தை எலி ஏறாத மூடி போட்ட டிரம்மில் வையுங்கள்.

கடன் கணக்கிலும் சேருங்கள்

ஒரு உறுப்பினர் குழுவில் 16,000 ரூபாய் கடன் வாங்கி நாலு கிடாக்குட்டி பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று போனால் 4,000 ரூபாய் முதலும், அதுவரை போட்ட தீவனமும் போயிற்று. மிச்சம் மூன்றில் வருகிற லாபம் அந்த நஷ்டத்தை அடைக்கத்தான் சரியாக இருக்கும். அந்தக் கடனைக் கொடுக்கும்போதே குழு மூன்று கேள்வி கேட்க வேண்டும். தழைக்கு வழி இருக்கிறதா? தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா? காப்பீடு செய்து காதுவில்லை போட்டாயிற்றா? ஆடு செத்தால் காதுவில்லையைக் கழற்றாமல் முதலில் டாக்டருக்குச் சொல்லுங்கள். அவர் பரிசோதித்து எழுதித் தருகிற சான்றிதழ் இல்லாமல் காப்பீட்டுப் பணம் கேட்க முடியாது. வயிற்றை அறுத்துப் பார்த்தால் சாவுக்குக் காரணமும் தெரியும். மிச்ச ஆட்டைக் காப்பாற்ற அந்தக் காரணம்தான் உதவும்.

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்

* நம்ம குழுவில் எத்தனை பேர் கிடா வளர்க்கிறோம்? நாளைக்கு எவ்வளவு தவிடு போடுகிறோம்? ஒரு படி நிறுத்துப் பாருங்கள்.
* போன வருஷம் முக்கிச் செத்த ஆடு யார் வீட்டிலாவது உண்டா? அதற்கு முன்னால் என்ன தீனி தின்றது?
* பக்கத்துக் கால்நடை மருந்தகம் எத்தனை மணி வரைக்கும்? 1962 எண்ணைத் தொழுவச் சுவரில் கரியால் எழுதியாயிற்றா?

படிக்கத் தெரிந்தவர் இந்தப் பக்கத்தைக் கூட்டத்தில் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். நாளைக் காலையில் கிடாவை அவிழ்க்கும்போது புழுக்கையைப் பார்ப்பதோடு நிற்காமல் தரை நனைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு நிமிஷ வேலை. அதில்தான் ஒரு தவணை அடங்கியிருக்கிறது.